கடல்ல கோடு எங்க இருக்கு தாத்தா?

சனிக்கிழமை சாயங்காலம். தங்கச்சிமடத்தில் அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு அட்லஸும், ஒரு பள்ளிக்கூட நோட்டும், நான்கு கலர் பென்சில்களும் கிடந்தன. ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி குப்புறப் படுத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை சமூக அறிவியல் டீச்சரிடம் கொடுக்க வேண்டிய புராஜெக்ட். தலைப்பு: 'நாட்டின் எல்லைகள் எப்படிக் குறிக்கப்படுகின்றன?'

நிலத்தைப் பற்றிய பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வாகா எல்லையின் இரும்புக் கதவு, வங்கதேச எல்லையின் முள்வேலி, நேபாள எல்லையின் தூண் என்று மூன்று படங்களை ஒட்டிவிட்டாள். அடுத்த பக்கத்தில் 'நீர் எல்லை' என்று தலைப்பு எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டாள். அதற்குப் பிறகு பென்சில் நகரவில்லை.

அட்லஸில் ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே விட்டுவிட்டு ஒரு கோடு போகிறது. அதைக் காட்டிக் கேட்டாள்.

"தாத்தா, இந்தக் கோடு கடல்ல எங்க இருக்கு? கல்லு நட்டிருக்காங்களா?"

சாய்வு நாற்காலியில் இருந்த தாத்தாவுக்கு வயது 68. பதிமூன்று வயதில் அப்பாவோடு வள்ளத்தில் ஏறியவர். பிறகு விசைப்படகில் கூலிக்குப் போய், டிரைவராகி, முப்பது வருடத்துக்கு மேல் படகு ஓட்டியவர். அந்தக் கோட்டால் ஒருமுறை ஜெயிலுக்கும் போனவர். ராமேஸ்வரம் தீவில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆளைத் தேடுவது கஷ்டம்.

"கல்லும் இல்ல, கம்பியும் இல்லம்மா. அங்க ஒண்ணுமே இல்ல" என்றார்.

சிறுமி நம்பவில்லை. "ஒண்ணுமே இல்லாட்டி அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

அவளுடைய அப்பா அன்று காலையில்தான் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போயிருந்தார். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்துக்கு மூன்று நாள் போகும். திங்கள், புதன், சனி. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை காலையில் போன படகு ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைக்கு வரும். நடுவில் இருக்கும் அந்த ஓர் இரவு, தீவில் பல வீடுகளுக்கு நீளமான இரவு.

17 வயதில் வந்த கோடு

தாத்தா பிறந்தபோது அந்தக் கோடு இல்லை.

1974 ஜூன் 26-ம் தேதி கொழும்பிலும், 28-ம் தேதி டெல்லியிலும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட கையெழுத்து. பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரைக்குமான எல்லை அதில் முடிவானது. கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிக் கோடு போனது. தீவு அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு வருடம் கழித்து, 1976 மார்ச் 23-ம் தேதி கையெழுத்தான இன்னொரு ஒப்பந்தம், மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் கோட்டை நீட்டியது.

அப்போது தாத்தாவுக்கு 17 வயது. "ரேடியோவுல சொன்னாங்க. மறுநாள் நாங்க கடலுக்குப் போனோம். கடல் முந்தின நாள் மாதிரியேதான் இருந்துச்சு" என்று பேத்தியிடம் சொன்னார். கச்சத்தீவில் இறங்கி வலை காயவைத்ததும், அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போனதும் அவருக்கு நினைவிருக்கிறது. இந்திய மீனவர்களும் பக்தர்களும் விசா இல்லாமல் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்று ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு சொல்கிறது. போர்க்காலத்தில் பல வருடம் திருவிழா நின்றுபோனது. பிறகு மறுபடியும் தொடங்கியது.

"சரி தாத்தா, கோடு போட்டவங்க எங்கதான் போட்டாங்க?"

பேப்பரில்தான் போட்டார்கள். கொஞ்சம் விவரமாகப் பார்த்தால், அவர்கள் போட்டது கோடுகூட இல்லை. ஆறு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. முதல் புள்ளி வடக்கே 10 டிகிரி 5 நிமிடம், கிழக்கே 80 டிகிரி 3 நிமிடம். ஆறாவது புள்ளி வடக்கே 9 டிகிரி 6 நிமிடம், கிழக்கே 79 டிகிரி 32 நிமிடம். இந்த ஆறையும் வரிசையாகச் சேர்த்தால் வருவதுதான் எல்லை. கடலுக்கான எல்லையே அந்த எண்கள்தான்.

இதே ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. இந்தப் புள்ளிகள் கடலிலும் கடலடியிலும் உண்மையில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை, இரு அரசுகளும் நியமிக்கும் சர்வேயர்கள் ஒப்புக்கொள்ளும் முறையில் தீர்மானிக்க வேண்டும் என்கிறது அது. 'கடலில் அந்த இடத்தைக் காட்டுவது எப்படி?' என்ற சிறுமியின் கேள்வி, கையெழுத்துப் போட்ட அன்றைக்கே பெரியவர்களுக்கும் இருந்திருக்கிறது.

மிதவை கட்டினால் என்ன?

"ஒரு பெரிய பந்து மாதிரி மிதக்கவிட்டு, அதுல லைட் போட்டா எல்லாருக்கும் தெரியும்ல?" என்றாள் சிறுமி.

நியாயமான யோசனை. பாக் நீரிணை ஆழமான கடலும் இல்லை. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்குள்தான் ஆழம். நங்கூரமிட்டு மிதவை கட்ட முடியாத இடமில்லை.

ஆனால், ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மீட்டர் ஆழத்தில் ஒரு மிதவையைக் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி ஆழத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அலை தூக்கும்போது நங்கூரமே பெயர்ந்துவிடும். 36 மீட்டர் சங்கிலி என்றால், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப அந்த மிதவை நங்கூரத்திலிருந்து எந்தப் பக்கமும் 34 மீட்டர் வரை போகும். காலையில் இந்தப் பக்கம், மாலையில் அந்தப் பக்கம். கயிற்றில் கட்டிய ஆடு முளைக்குச்சியைச் சுற்றுகிற மாதிரிதான்.

எத்தனை மிதவை வேண்டும்? முதல் புள்ளியிலிருந்து ஆறாவது புள்ளி வரை கோட்டின் நீளம் சுமார் 85 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். அதாவது கிட்டத்தட்ட 158 கிலோமீட்டர். மைலுக்கு ஒன்று என்று வைத்தாலே 86 மிதவைகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விளக்கு, பேட்டரி, பராமரிப்பு. புயலில் அறுந்து போனால் யார் போய்த் திரும்பக் கட்டுவது? எந்த நாட்டுச் செலவு? அறுந்த மிதவை இரண்டு மைல் தள்ளி ஒதுங்கினால், எல்லையும் இரண்டு மைல் தள்ளிப் போய்விட்டதா?

இதில் மீனவர்கள் பங்கும் உண்டு. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், வானிலைத் தகவலுக்காகக் கடலில் மிதவைகளைக் கட்டி வைத்திருக்கிறது. மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். படகை மிதவையிலேயே கட்டிப்போட்டு மீன் பிடிப்பதும், அதில் கருவிகள் உடைவதும் நடக்கிறது. 'மிதவையைச் சேதப்படுத்தாதீர்கள்' என்று அந்த நிறுவனம் கடலோரக் கிராமங்களில் பிரசாரமே செய்ய வேண்டியிருக்கிறது. தாத்தா இதைக் கேட்டால் சிரிப்பார். அவரும் கட்டியிருக்கிறார்.

அதனால்தான் உலகத்தில் பெரும்பாலான கடல் எல்லைகளில் நட்டதும் இல்லை, மிதப்பதும் இல்லை. 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும், எல்லையைக் கடலில் நட்டு வைக்கச் சொல்லவில்லை. வரைபடத்தில் காட்டுங்கள், அல்லது புள்ளிகளின் பட்டியலை வெளியிட்டு, ஒரு பிரதியை ஐ.நா. பொதுச்செயலாளரிடம் கொடுங்கள் என்றுதான் சொல்கிறது.

கரையில் நிற்கும் சாட்சிகள்

ஆறும் ஏரியும் வேறு கதை. அங்கே கரை பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரில் நட முடியாததைக் கரையில் நடலாம்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே 8,891 கிலோமீட்டர் எல்லை. அதில் கணிசமான பகுதி ஏரி, ஆறு போன்ற தண்ணீரில் போகிறது. நிலத்தில் மரங்களை வெட்டி 6 மீட்டர் அகலத்துக்குப் பாதை மாதிரி வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் கோடு எங்கெல்லாம் திரும்புகிறதோ, அந்தத் திருப்பங்களுக்குச் சாட்சியாகக் கரையில் கற்களும் குறிகளும் இருக்கின்றன. 'இந்தக் கல்லிலிருந்து இந்தத் திசையில் இவ்வளவு தூரத்தில் எல்லை' என்று அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். மேற்குக் கரையில் பாயின்ட் ராபர்ட்ஸ் பக்கத்தில் இன்னொரு வழி. ஒன்றன்பின் ஒன்றாக விளக்குக் கம்பங்கள். படகிலிருந்து பார்க்கும்போது முன் விளக்கும் பின் விளக்கும் ஒரே நேர்க்கோட்டில் தெரிந்தால், நீங்கள் எல்லைக்கோட்டின்மேல் இருக்கிறீர்கள்.

தாத்தாவுக்கு இந்த வித்தை புதிதில்லை. ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் கடலில் ஓர் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க அவர்கள் செய்ததும் இதுதான். ராமேஸ்வரம் கோயில் கோபுரத்தையும் ஒரு பனைக்கூட்டத்தையும் நேராக்கி ஒரு குறி. பாம்பன் லைட் ஹவுஸையும் வேறொரு மேட்டையும் நேராக்கி இன்னொரு குறி. இரண்டு குறியும் சேரும் இடத்தில் மீன் பாறை. அந்தக் குறிகளை அப்பா மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பார்.

ஆறுகளில் பழைய வழக்கம், படகு போகும் ஆழமான ஓடைதான் எல்லை என்பது. அதிலும் தொல்லை உண்டு. ஆறு மண்ணை அரித்து இடம் மாறினால் எல்லை என்னவாகும்? சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவே இருக்கும் ஜொகூர் நீரிணையில், 1927 ஒப்பந்தம் ஆழமான ஓடையின் நடுவைத்தான் எல்லையாகச் சொன்னது. 1995-ல் இரு நாடுகளும் உட்கார்ந்து அதைப் புள்ளிகளாக எழுதிக்கொண்டன. இனி ஓடை நகர்ந்தாலும் எல்லை நகராது.

குஜராத்தில் சர் கிரீக் என்ற கழிமுகம் 96 கிலோமீட்டர் நீளம். எல்லை நடு ஓடையில் என்கிறது இந்தியா. கிழக்குக் கரையில் என்கிறது பாகிஸ்தான். நடு ஓடையில் அந்தக் காலத்தில் தூண்கள் நட்டதையும், 1925 வரைபடத்தையும் இந்தியா சாட்சியாகக் காட்டுகிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. தூண் நட்டாலும் தகராறு தீராது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

கோடே இல்லாத இடங்களும் உண்டு. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் கரை வைத்திருக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரியின் பெரிய பகுதியில், எல்லை எது என்று மூன்று நாடுகளும் இன்றுவரை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை. படகுகள் போய்வருகின்றன. ஜெர்மனிக்கும் லக்ஸம்பர்க்குக்கும் நடுவே ஓடும் மொசெல் ஆற்றில், எல்லையாக ஓடும் தண்ணீர் முழுக்க இரண்டு நாட்டுக்கும் பொது. இரண்டு நூற்றாண்டுகளாக அப்படித்தான்.

மேற்கு வங்கத்தின் டாக்கி ஊரில், துர்கா பூஜையின் கடைசி நாளில் இச்சாமதி ஆற்றுக்கு இந்தியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிலைகளைப் படகில் கொண்டு வருவார்கள். எல்லை ஆற்றின் நடுவில். அன்றைக்கு அங்கே எல்லை என்பது, நடு ஆற்றில் நிற்கும் இரு நாட்டுக் காவல் படகுகளும், சாமிப் படகுகளில் பறக்கும் இரண்டு கொடிகளும்தான்.

ராத்திரி ஒன்பதரை மணி

சிறுமி பாதி எழுதியிருந்தாள். ஒன்பதரை மணிக்கு அவளுடைய அம்மாவின் போனில் மெசேஜ் சத்தம் கேட்டது. மீனவர் குடும்பங்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப். 'கச்சத்தீவுக்கு வடக்கே நம்ம போட்டுகளை விரட்டுறாங்களாம்.' அவ்வளவுதான் இருந்தது. எத்தனை படகு, யார் படகு என்று ஒன்றும் இல்லை.

அம்மா வாசல் வரைக்கும் வந்து நின்றார். "மாமா, அவுகளுக்குப் போன் போகல."

"நடுக்கடல்ல எப்படிம்மா சிக்னல் கிடைக்கும்? கரைக்குப் பக்கத்துல வந்தாத்தான். நீ போய்ச் சாப்பிடு."

அம்மா சாப்பிடவில்லை. தாத்தாவும் சாப்பிடவில்லை. சிறுமி மட்டும் கேள்வியை விடவில்லை. "அப்பாகிட்ட ஜி.பி.எஸ். இருக்குல்ல? அப்புறம் எப்படித் தாத்தா கோட்டைத் தாண்டுவாங்க?"

இருக்கிறது. படகின் வீல் ஹவுஸில் ஒரு சின்னத் திரை. அதில் படகு ஒரு முக்கோணம். எல்லை ஒரு கோடு. இத்தனை மைல் பக்கத்தில் வந்தால் கத்த வேண்டும் என்று செட் பண்ணி வைத்தால், அது கத்தும். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரும் இப்போது பல படகுகளில் இருக்கிறது. எல்லை நெருங்கினால் அதுவும் எச்சரிக்கும்.

கருவி சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கும் எண்களை எந்தப் பூமி அளவீட்டின்மேல் வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இடம் மாறும். இந்தியாவின் பழைய வரைபடங்கள் 1830-ல் எவரெஸ்ட் கணித்த பூமி வடிவத்தை வைத்து வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். வேலை செய்வது டபிள்யூ.ஜி.எஸ்.-84 என்ற வேறு அளவீட்டில். ஒரே எண்ணை இரண்டிலும் வைத்துப் பார்த்தால், சில நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிப் போகலாம். நிலத்தில் அது இரண்டு தெரு. கடலில் அது கைதா இல்லையா என்ற கேள்வி.

கோடு நேராகவும் போகவில்லை. முதல் புள்ளியிலிருந்து மேற்கே இறங்கி, மூன்றாவது புள்ளியில் 79 டிகிரி 22.60 நிமிடம் வரை இந்தியக் கரைப் பக்கம் வந்து, அதற்குப் பிறகு மறுபடி கிழக்கே திரும்பி, கச்சத்தீவை ஒட்டித் தெற்கே போகிறது. ராமேஸ்வரத்திலிருந்து நேர் கிழக்கே போனால் கோடு ஏறக்குறைய 12 கடல் மைல். அதே படகு அந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு வடக்கே ஏறினால், கோடு தானே பக்கத்தில் வந்துகொண்டிருக்கும். இருட்டில் மடி இழுத்துக்கொண்டிருக்கும்போது, கடலோரத்தார் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் தள்ளினாலும் தெரியாது.

"அதனாலதான் உங்களப் பிடிச்சாங்களா தாத்தா? இன்ஜின் நின்னுபோய், நீவாடு இழுத்துக்கிட்டுப் போனதாலயா?"

அந்த வீட்டில் பத்து வருடத்துக்கு மேலாகச் சொல்லப்படும் கதை அது. சிறுமி தவழ்ந்துகொண்டிருந்த வருடத்தில் நடந்தது. இன்ஜின் நின்றது, படகு தானே போனது, ரோந்துப் படகு வந்து பிடித்தது. நாற்பத்தி மூன்று நாள் ஜெயில். படகு திரும்பவே இல்லை.

தாத்தா கொஞ்ச நேரம் அட்லஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் நிக்கலம்மா" என்றார்.

வாசலில் நின்ற மருமகள் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு நடை வெறும் சங்காயம்தான் கிடைச்சுச்சு. டீசல் காசுகூடத் தேறல. சம்மாட்டிகிட்ட வாங்கின அட்வான்ஸ் அப்படியே நின்னுச்சு. அந்தப் பக்கம் எறா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ஜி.பி.எஸ். கத்துச்சு. நான்தான் அமத்தினேன். என்கூட நாலு பேர் வந்தாங்க. அதுல ரெண்டு பேரு கல்யாணம் ஆகாத பசங்க. அவங்களையும் சேர்த்துதான் உள்ள வெச்சாங்க."

சிறுமிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "தப்புதானே தாத்தா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தப்புதான். ஆனா அது தப்புன்னு எனக்குக் கோர்ட்ல தெரியல. கரையில இறக்கினாங்க பாரு, அங்க தெரிஞ்சுச்சு."

அந்தக் கரையில் ஒரு வயதான மீனவர் நின்றிருந்தாராம். கையில் கிழிந்த வலை. தாத்தாவைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. "உங்கட போட்டு ஒருக்கா வந்துட்டுப் போனா, எங்கட வலை ஒண்டும் மிஞ்சாது தம்பி" என்று மட்டும் சொன்னார். அவர் பேசியதும் தமிழ்தான். போர் முடிந்து, கடலுக்கு மறுபடி இறங்க அனுமதி கிடைத்து, கடன் வாங்கி வாங்கின வலை அது. அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டு வரும் இழுவைமடிக்கு முன்னால் அது நிற்காது. இழுவைமடியை 2017-ல் இலங்கை சட்டம் போட்டே தடை செய்தது. இந்தப் பக்கமோ, விசைப்படகை நம்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கரைக்கும் கோட்டுக்கும் நடுவே இருப்பது ஒடுங்கிய கடல். அதிலும் கரையை ஒட்டிய பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியது.

"அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கல. கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு தங்கச்சிமடம் இருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு. வீட்டுல வந்து இன்ஜின் நின்னுபோச்சுன்னு சொல்லிட்டேன்."

மருமகள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், இரண்டு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். "சாப்பிடுங்க மாமா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை

ஐந்தரை மணிக்குப் போன் வந்தது. "பாம்பன் தாண்டி டவர் கிடைச்சிருச்சு. வந்துக்கிட்டு இருக்கேன்." அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

எட்டு மணிக்கு அப்பா வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. பையில் வீட்டுக்கு எடுத்துவந்த கொஞ்சம் கணவாய். பாடு சரியில்லை. விரட்டினார்கள் என்பது உண்மைதான். அவர் படகு அந்தக் கூட்டத்தில் இல்லை. மடி இழுத்துக்கொண்டிருந்தபோதே அலாரம் கத்தியிருக்கிறது. மடியைத் தூக்கிக்கொண்டு மேற்கே திரும்பிவிட்டார். சம்மாட்டி கரையில் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டார்.

திண்ணையில் நோட்டு விரிந்து கிடந்தது. சிறுமி தாத்தாவோடு உட்கார்ந்து, கட்டம் போட்ட தாளில் ஆறு புள்ளிகளையும் வைத்து, சிவப்புப் பென்சிலால் சேர்த்திருந்தாள். ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் எண்கள். இந்தப் பக்கம் ராமேஸ்வரம். அந்தப் பக்கம் கச்சத்தீவு, தலைமன்னார்.

அப்பா டீ டம்ளரோடு குனிந்து பார்த்தார். மூன்றாவது புள்ளிக்கும் நான்காவது புள்ளிக்கும் நடுவே விரலை வைத்தார். "நேத்து ராத்திரி நாங்க இங்கதான் இருந்தோம்."

விரல் நுனி சிவப்புக் கோட்டை மறைத்துக்கொண்டு இருந்தது.

"எவ்வளவு தூரம்ப்பா?"

"ஒரு மைல் இருக்கும். அலாரம் ஒரு மைலுக்குத்தான் வெச்சிருக்கேன்."

தாத்தா பக்கத்தில் இருந்தார். "நேத்து பிள்ளைகிட்ட உண்மையச் சொல்லிட்டேன்டா. இன்ஜின் கதைய."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு அப்பவே தெரியும்ப்பா. உங்ககூட வந்த பசங்க சொன்னாங்க." டீயைக் குடித்து முடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிறுமி கடைசிப் பக்கத்தை எழுதி முடித்தாள். 'நீர் எல்லைக்குக் கல் கிடையாது. எண்கள் உண்டு. ஆற்றிலும் ஏரியிலும் சில இடங்களில் கரையில் குறி வைப்பார்கள். கடலில் கருவியில்தான் தெரியும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் மீனவர்கள் இருக்கிறார்கள்.' கடைசி வாக்கியத்தைத் தாத்தா எழுதச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை இருட்டோடு அப்பா கிளம்பினார். டீசல் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. அன்றைக்கும் டோக்கன் வாங்க வேண்டும், அன்றைக்கும் பாடு கிடைக்க வேண்டும். ஜெட்டியில் படகில் ஏறியதும், இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் ஜி.பி.எஸ்-ஐப் போட்டு, அலாரத்தை ஒரு மைலிலிருந்து இரண்டு மைலுக்கு மாற்றினார். வீட்டுக்குப் போன் பண்ணி அதை மகளிடம் சொன்னார். அவள் சடை பின்னிக்கொண்டு, புராஜெக்ட் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.